பஞ்சு ஊறும் வரை

மணல் வாளிக்குள் கை விட்டதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸின் மேல்தட்டில், முன்கண்ணாடியோடு ஒட்டின இருக்கையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி சுகிர்தமலர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவியாயிற்று. அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் வாசலுக்கு வாசல் தொங்குகிற கிருமிநாசினியைப் பூசியும் ஆயிற்று. பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஈரத்தாளால் விரலிடுக்கெல்லாம் துடைத்தாள். இன்னும் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஏதோ இருக்கிற மாதிரியே இருந்தது. காலை இடைவேளை. சமையல் குசினிக்குப் பின்பக்கம், வேலையாட்கள் சிகரெட்டைக் குத்தி அணைக்கிற மணல் வாளி. அதில் பாதிகூட முடியாத ஒன்று, மேல்முனையில் யாரோ ஒருத்தியின் உதட்டுச் சாயத்தோடு, நட்டு வைத்த கன்று மாதிரி நிமிர்ந்து நின்றது. அவள் குனிந்தாள். எடுத்தாள். மணலைத் தட்டினாள். வளைந்திருந்ததை இரண்டு விரலால் நீவி நேராக்கியும் விட்டாள். அப்போது உள்ளேயிருந்து யாரோ, வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயரால், "சூக்கி!" என்று கூப்பிட்டார்கள், ஒரு கிழவரைக் குளிக்க வார்க்க வேண்டுமென்று, அது கையிலிருந்து விழுந்தது. விழுந்ததா, போட்டாளா. கூப்பிடாமல் இருந்திருந்தால்? மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்ட ஒருத்தி, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற ஒருத்தி, முகம் தெரியாத இன்னொருத்தியின் எச்சிலை வாயில் வைத்திருப்பாள். வைத்திருப்பாள்தான். அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாததுதான் பயமாக இருந்தது.

எல்லாம் அந்தப் பேனாவால் வந்தது. இல்லை, பேனாவைச் சொல்லக் கூடாது, அது தன்னால் இயன்றதைச் செய்தது. பேனா என்று பெயர் வைத்தது அவள்தான், பார்க்க அப்படியே இருக்கும், கைப்பைக்குள் மற்றப் பேனாக்களோடு கிடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சிகரெட்டை விடுகிறவர்களுக்கென்று நடக்கிற கிளினிக்கில் ஒரு தாதி சிரித்த முகத்தோடு கையில் வைத்தது. தொடங்குகிறவர்களுக்கு இது போதும், பொத்தான் இல்லை, நிரப்புகிற வேலை இல்லை, வாயில் வைத்து இழுத்தால் தானாகவே ஆவி வரும் என்றாள். வந்தது. புதினா மணத்தோடு வந்தது. முதல் நாள் அவளுக்குச் சிரிப்புத்தான், தடிமனுக்கு ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கிறதே, இதற்கா என் சிகரெட் ஆசை மயங்கும் என்று. மயங்கத்தான் செய்தது. இரண்டு மாதம் ஒரு சிகரெட் இல்லை. மாடிப்படியின் பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, ஏதோ மறந்துபோனவள் போல நடிக்கிற வேலை குறைந்தது. டொக்டர் ஒரு குழாயை ஊதச் சொல்லி, திரையைப் பார்த்து, உங்கள் நுரையீரலுக்கு உங்களைவிட இருபது வயது கூட என்று சொன்ன நாளிலிருந்து, நெஞ்சுக்குள் யாரோ முதிய விருந்தாளி வந்து தங்கியிருக்கிற எண்ணம் அவளுக்கு, படுத்தால் புரள்கிற, விடிய முன்பே எழும்பி இருமுகிற விருந்தாளி. அந்த ஆள் கொஞ்சம் அடங்கினமாதிரி இருந்தது. பிறகு பேனா ஒழுகத் தொடங்கியது. இழுக்கும்போது கசப்பாக ஒரு துளி நாக்கில் விழும். கைப்பைக்குள் ஒழுகி விபூதிப் பொட்டலம் நனைந்து களியானது, அதைப் போன வெள்ளிக்கிழமை நெற்றியில் பூசினபோது குளிர்ந்து எரிந்தது, கோயிலில் முருகனுக்கு முன்னால் புதினா மணத்தோடு நின்றாள். மத்தியானத்துக்கு முன்பே பற்றரி செத்துப்போகும். நேற்றிலிருந்து அதில் அடிப்பிடித்த பாலின் மணம். இழுக்க இழுக்க அடிப்பிடித்த பால், தொண்டையைச் சுரண்டிக்கொண்டு. அதிலும் பெரிய குறை ஒன்று இருந்தது, அதைத் தாதியிடம் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. சிகரெட் தொண்டையில் வந்து ஒரு தட்டுத் தட்டும், வந்துவிட்டேன், இனி நீ சும்மா இரு என்று. பேனா தட்டாது. கதவுக்கு வெளியே நின்று செருமிவிட்டுப் போய்விடும்.

இல்ஃபோர்ட் வந்தது. அவள் இருக்கையில் கொஞ்சம் சரிந்தாள், தாவணி மாதிரிக் கழுத்தில் கிடந்த கம்பளித் துணியை மூக்குவரை இழுத்துவிட்டாள். கீழே தமிழ்க் கடைகள், நகைக்கடை, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிற மரக்கறிக்கடை, நனைந்த நடைபாதையில் தெரிந்த தலைகள் தெரியாத தலைகள். இந்த ஊர்களில் இப்படிப் பேனா விற்கிற வேப் கடைக்கும் பஞ்சமில்லை, மனோர் பார்க்கில் அவள் வீட்டுத் தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்குப் பக்கத்துக் கடை மீன்கடை, அதற்கும் பக்கத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பணம் அனுப்புகிற கடை. ஈஸ்ட் ஹாமில் தும்மினால் மனோர் பார்க்கில் நூறு ஆயுசு சொல்லுகிற சனம். இணையத்தில் வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வருகிற பொதிகளைப் புருசன் நித்தி உடைத்துவிடுவார், தன்னுடையதா அவளுடையதா என்று பார்க்காமல், ஆசையாய், சின்னப்பிள்ளை மாதிரி. நித்தி. நித்தியானந்தன் நல்ல மனுசன். பெற்றோல் நிலையத்தில் நின்று நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுக்கிறார், தான் தொட்டதில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், பருப்பைக் குழைத்துக்கொண்டே சொன்னார்: "இண்டைக்கு எங்கட பெட்டை ஒண்டு வந்து சிகரெட் கேட்டுது. பொட்டும் வைச்சிருக்கு. எனக்கெண்டா கை கூசிப்போச்சு." அவ்வளவுதான், வைது பேசவில்லை, மேலே ஒரு சொல் இல்லை, ரசம் கேட்டார். அவள் ரசம் வார்த்தாள். ஆனால் அந்தக் கை கூசினது அவளோடேயே தங்கிவிட்டது, பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி, நாக்கு போய்ப் போய் அதையே தொட்டது. அவர் கை அவள் தோளில் விழுந்தபோதெல்லாம், இந்தக் கைக்குத் தெரிந்தால் கூசுமே என்று நினைத்தாள். இத்தனை வருசமாக வேலைக்கு ஒரு மேலங்கி, வீட்டுக்கு ஒரு மேலங்கி. பல்தேய்ப்பு, ஏலக்காய், கையுறை. வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக வெங்காயம் வதக்கத் தொடங்குகிற பழக்கம். "இவளுக்குச் சமையலில என்ன ஒரு ஆர்வம்" என்று நித்தியின் தங்கை சொன்னபோது சிரித்துவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பொய் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. அது பொய்யில்லை என்று யார் சொன்னது.

செவன் கிங்ஸ், குட்மேஸ், சாட்வெல் ஹீத். தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தேய்ந்துகொண்டே வந்து இல்லாமல் போயின, அவள் கம்பளித் துணியை இறக்கினாள். மழை பெரிதாக இல்லை, கண்ணாடியில் பூச்சி நடக்கிற மாதிரி. வாய் கேட்டது. வாயா கேட்கிறது, இல்லை, கைதான் முதலில் கேட்கும், பிறகு தோள், பிறகு நெஞ்சுக்கூடு முழுக்க அரைத்தூக்கத்தில் விழித்த பிள்ளை மாதிரி சிணுங்கும். திரும்பிப் போய்விடலாமா. ரொம்ஃபோர்டில் இறங்கினதும் ஒரு சுப்பர்மார்க்கெட் இருக்கும், ஒரு பெட்டி வாங்கினால் எல்லாம் ஐந்து நிமிசத்தில் அடங்கிவிடும். டொக்டருக்கு என்ன தெரியும், நித்தியின் தகப்பன் சுருட்டுப் பத்திப் பத்தியே எண்பத்தாறு வயதுவரை இருந்தார். இருந்தார். கடைசி வருசம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே நித்திரை கொண்டார், படுத்தால் மூச்சு வராது, தலையணைகளை அடுக்கினது அவள்தான். அந்தத் தலையணைகளை நினைத்ததும் அவள் எழும்பி மணியை அமத்தினாள், இறங்க வேண்டிய தரிப்புக்கு இன்னும் இரண்டு தரிப்பு இருக்கவே. சரி, நடப்போம். நடக்கத்தானே முடியவேண்டும்.

ரொம்ஃபோர்டில் அந்த வேப் கடை அவள் பயந்த மாதிரி இல்லை. மண்டையோட்டுப் படமும் முழங்குகிற பாட்டும் பச்சை குத்தின பொடியன்களும் இருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். பார்மசி மாதிரி வெளிச்சமாக, கண்ணாடி அலுமாரிகளோடு, ஒருவருமில்லாமல் இருந்தது. வாசலில் 'பார்சல் இங்கே பெற்றுக்கொள்ளலாம்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. முகப்பு மேசைக்குப் பின்னால், கம்பளிச் சட்டை போட்ட ஒரு ஆள், நாற்பதைத் தாண்டியிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ பொதிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இந்தியரா, பாகிஸ்தான்காரரா. அவள் பஸ்ஸில் உருப்போட்டுக்கொண்டு வந்த ஆங்கிலத்தைச் சொன்னாள்: என்னிடம் ஒன்று இருக்கிறது, அது தொடங்குகிறவர்களுக்கானது, அதைவிட நல்லதாக ஒன்று வேண்டும். அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. அவர் காதில் வைத்து, "ஓம், சொல்லும். உழுந்து ஊறப் போட்டாச்சே? நான் வரேக்க வாங்கிக்கொண்டு வாறன்" என்றார்.

உழுந்து. இத்தனை தூரம் வந்து உழுந்து. ஓடிவிடலாம், ஆனால் பேனா அந்த ஆளின் கையில் இருக்கிறது, போகட்டும், பேனா போகட்டும், ஆனால் ஓடினால்தானே நினைவில் வைத்திருப்பார், மனோர் பார்க்கில் அவருக்கு ஒரு மச்சான் இல்லாமலா இருக்கும், எல்லாருக்கும் மனோர் பார்க்கில் ஒரு மச்சான் இருக்கிறான். அவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா தமிழோ?"

"நோ," என்றாள் சுகிர்தா.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தமிழில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். காது இரண்டும் சுட்டன. அந்த ஆள் சிரித்திருந்தால் போயிருப்பாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூக்கருகில் வைத்து மணந்து, ஆங்கிலத்திலேயே, நாளைக்கு எத்தனை சிகரெட் பிடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னாள். எழும்பி எவ்வளவு நேரத்தில் முதலாவது? அதையும் சொன்னாள், தேத்தண்ணிக்கு முன்பு என்று. பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார், அதை இதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை: இழுக்கும்போது புகையை முதலில் வாயில் நிறுத்திவிட்டுப் பிறகு நெஞ்சுக்குள் விடுவீர்களா, அல்லது ஒரேயடியாக நெஞ்சுக்கா? அவள் யோசித்தாள். வாயில்தான். வாயில் ஒரு கணம் வைத்திருப்பாள், முட்டாசி மிட்டாயை உடனே கடிக்க மனமில்லாத பிள்ளை மாதிரி, பிறகுதான் விடுவாள். அதைச் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. கையைக் கொண்டுபோய் உதட்டடியில் வைத்து, கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டப்போக, இருமல் பிடித்துக்கொண்டது, நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வருகிற பழைய இருமல், மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் வந்தது, "ஐயோ, கொஞ்சம் பொறுங்கோ" என்று அவள் வாய் தன்பாட்டில் சொன்னது.

அவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "குடியுங்கோ அக்கா. என்ர பேர் குகதாஸ். எந்த ஊர், ஆர் பகுதி எண்டு நான் கேக்க மாட்டன். இந்தக் கடைக்குள்ள நான் ஊர் கேக்கிறேல்லை."

அவள் தண்ணீரைக் குடித்தாள். ஊர் கேட்காத தமிழன். அப்படி ஒரு ஆளை அவள் லண்டனில் பார்த்ததில்லை. ஊர் கேட்டு, தகப்பன் பெயர் கேட்டு, பள்ளிக்கூடம் கேட்டு, கடைசியில் ஒரு நூல் அகப்பட்டு அதைப் பிடித்து இழுத்து இழுத்து வீட்டுக் குசினிவரை வந்துவிடுகிறவர்களைத்தான் தெரியும். "இந்தப் பேனையில பிழை இல்லை" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார், "இது பழக்கிறதுக்கு. நீங்கள் இதைத் தாண்டிட்டியள், அவ்வளவுதான். இதுக்குள்ள பஞ்சு கொஞ்சம், நீங்கள் சிகரெட் மாதிரி வலிச்சு இழுக்கிறியள், பஞ்சு காய்ஞ்சு கருகுது." தாண்டிட்டியள் என்றது அவளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றியது. தோற்றுப்போனேன் என்றல்லவா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். அலுமாரியிலிருந்து அவர் இரண்டு மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கைக்குண்டு மாதிரி இருந்தது, விளக்குகள் ஓடின, அதைப் பார்த்ததும் அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். "இது உங்களுக்கில்லை, இது மேகம் விடுறவைக்கு" என்று அவரே ஒதுக்கினார். மிஞ்சினது சின்னது, கறுப்பு, மூலைகள் உருண்டது, உள்ளங்கையில் வைத்தால் ஆற்றில் எடுத்த கல் மாதிரிக் குளிர்ந்தது. கனம் இருந்தது. கையில் கனம் இருப்பது இவ்வளவு ஆறுதல் என்று அவள் அறிந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு சின்ன வளையம், அதைத் திருப்பினால் காற்று வருகிற துளை ஒடுங்கும். "ஒடுக்கி வையுங்கோ, அப்பத்தான் சிகரெட் மாதிரி இறுக்கமா வரும். தொண்டையில தட்டுறது காணாதெண்டு கேட்டனீங்களெல்லே?" அவள் கேட்கவில்லை. கேட்கச் சொல் இருந்ததில்லை. அவர் அதே சொல்லைச் சொன்னார், தட்டுறது. பேனாவுக்குள் இருக்கிற திரவம் அவளுடைய கணக்குக்குப் பலம் குறைவு என்றார், கொஞ்சம் கூட்டித் தொடங்கி, பிறகு ஆறுதலாக இறங்கலாம், இறங்கவும் வேண்டும், இதுவும் நல்லதென்று தான் சொல்லமாட்டேன், சிகரெட்டைவிடப் பரவாயில்லை என்றுதான் சொல்லுவேன். பிறகு சொன்னார், "இடைக்கிடை கொயில் மாத்தோணும்."

கோயில் மாத்தோணுமா? ஏன், ஆர் என்ன சொன்னது, இவருக்கு எப்படித் தெரியும் அவள் எந்தக் கோயில் என்று. குகதாஸ் விரலிடுக்கில் ஒரு பொட்டுப்போன்ற உலோகக் குப்பியைப் பிடித்துக் காட்டிக்கொண்டு நின்றார், உள்ளே வெள்ளைப் பஞ்சு, பஞ்சுக்கு நடுவில் மயிரிழைக் கம்பிச் சுருள். கொயில். சுருள். சுகிர்தா சிரித்துவிட்டாள். கனநாளைக்குப் பிறகு, மேசையில் கை ஊன்றிச் சிரித்தாள், "நான் கோயிலை மாத்தச் சொல்லுறியளெண்டு நினைச்சன் தம்பி" என்று சொல்லி இன்னும் சிரித்தாள், அவரும் சிரித்தார். "அது உங்கட விருப்பம் அக்கா. இது மட்டும் இரண்டு கிழமைக்கொருக்கா." அவர் சுருளைப் பொருத்தி, பஞ்சில் இரண்டு துளி விட்டு, சின்னத் தொட்டியைத் திரவத்தால் நிரப்பி மூடி, மேசையில் நிறுத்தி வைத்தார். அவள் கையை நீட்டினாள். "பொறுங்கோ. பஞ்சு ஊறட்டும். அவசரப்பட்டா முதல் இழுவையிலேயே கருகிப்போம்."

ஆகவே காத்து நின்றாள். கருவியைப் பார்த்துக்கொண்டு, திரவத்துக்குள் ஒரு காற்றுக் குமிழி மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு. பஞ்சு குடிக்கிறது என்று அர்த்தமாம். வாய் கேட்டது, இப்ப இப்ப என்று. நெஞ்சுக்குள் விருந்தாளி அசைந்தார். ஊறட்டும். காலையில் அந்த வாளிக்கு முன்னால் இப்படி ஒரு ஆள் நின்று பொறுங்கோ என்று சொல்லியிருந்தால். நித்தி சொல்லியிருப்பாரா, கை கூசாமல். கதவு திறக்கிற மணி அடித்தது, குளிர் காற்றோடு மல்லிகை எண்ணெய் மணம் ஒன்று வந்தது, அந்த மணத்தை அவளுக்குத் தெரியும், தலை திரும்ப முன்பே முதுகு அதைத் தெரிந்துகொண்டு விறைத்தது.

"ஐயோ, சுகிர்தா! நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

புவனக்கா. மனோர் பார்க் முருகன் கோயிலில் ஆர் எந்தக் கிழமை மாலை கட்டுவது என்று முறை போடுகிற புவனேஸ்வரி அக்கா, அறுபத்தைந்து வயதில் கோயிலுக்கு வருகிற பாதிப் பேரின் போன் நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறவ, ஒரு கலியாணம் குழம்பினால் மாப்பிள்ளைக்கு முன்பு இவவுக்குத் தெரியும். மகள் ரொம்ஃபோர்டில் வீடு வாங்கினதும் பேரப்பிள்ளையைப் பார்க்க அங்கே வந்து நிற்பதும் சுகிர்தாவுக்கு ஏன் பஸ்ஸில் ஞாபகம் வரவில்லை. ஒரு முகம் விடாமல் எண்ணிப் பயந்தவளுக்கு இந்த முகம் ஏன் வரவில்லை. குகதாஸ் கண்ணிமைக்கவில்லை. மேசையிலிருந்த கறுப்புக் கருவிக்கு முன்னால் ஒரு பொதியை நகர்த்தி வைத்து மறைத்துவிட்டு, "அவவும் பார்சல் எடுக்கத்தான் வந்தவ அம்மா" என்றார். "உங்கட பேருக்கு ஒண்டு வந்திருக்கு, எடுத்துத் தாறன்."

பொய்யை அவர் பாய் விரிக்கிற மாதிரி விரித்துவிட்டார். உட்காருவதுதான் மிச்சம். ஓம் அக்கா, பார்சல், இவருக்கு ஒரு சப்பாத்து வந்தது, எப்படி இருக்கிறியள், பேத்தி நடக்கிறாளோ. எவ்வளவு சுலபம். நாக்குக்கு வழி தெரியும், இத்தனை வருசமாக அதே வழியில் போய்வந்த நாக்கு. ஆனால் அந்தப் பொதிக்குப் பின்னால் பஞ்சு ஊறிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே விட்டுவிட்டு வெளியே போகவேண்டும், புவனக்கா போகும்வரை தெருவில் நிற்கவேண்டும், திரும்பி வரவேண்டும், வருவாளா, வரும் வழியில் சுப்பர்மார்க்கெட் இருக்கிறது. ஒரு மேலங்கி, இன்னொரு மேலங்கி. ஏலக்காய். வெங்காயம். களைப்பு எங்கேயிருந்து வந்ததென்று தெரியவில்லை, உள்ளங்காலிலிருந்து வந்திருக்கவேண்டும், வந்து முழங்காலில் நிறைந்து இடுப்பில் நிறைந்து தொண்டைக்கு வந்தது. பயம் இருந்தது, பயம் எங்கேயும் போகவில்லை, ஆனால் களைப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"இல்லை அக்கா," என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "பார்சல் இல்லை. நான் கனகாலமாச் சிகரெட் பத்தினனான். இப்ப விட்டிட்டன். திரும்பப் போயிடுவன் எண்டு பயமாக் கிடக்கு. அதுதான் இதை வாங்க வந்தனான்."

குகதாஸ் கையில் பொதியோடு நின்றார். புவனக்காவின் முகத்தில் சுகிர்தா எதிர்பார்த்த எல்லாவற்றையும் தேடினாள், சுருங்குகிற மூக்கை, மேலே போகிற புருவத்தை. முகம் வெறுமனே அப்படியே நின்றது, பிறகு கன்னம் ஒருமுறை துடித்தது. புவனக்கா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தா. கிட்ட வந்தா. மல்லிகை எண்ணெய் மணம் முட்ட, கோயிலில் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் கேட்டா.

"இது வேலை செய்யுதே பிள்ளை? உண்மையைச் சொல்லும்."

"ஏனக்கா?"

"அவருக்கு." புவனக்கா பொதியை வாங்கவில்லை. "நெஞ்சில ஒப்பரேசன் செய்தும் விடேல்லை மனுசன். குளிக்கிற அறைக்குள்ள நிண்டு பத்திறார், சன்னலைத் திறந்துவிட்டு. எனக்குத் தெரியாதெண்டு நினைப்பு. நான் வெளியில கதவோட நிண்டு, விழுற சத்தம் கேக்குதோ எண்டு கேட்டுக்கொண்டு நிப்பன். ஆரிட்டச் சொல்லுறது? இந்தத் தம்பியிட்டக் கேப்பம் எண்டு எத்தினை நாள் வந்தனான். கேக்க வெக்கம். பார்சலை எடுத்துக்கொண்டு போயிடுவன்."

"நானும் நினைச்சனான்," என்றார் குகதாஸ் மெதுவாக. "பக்கத்தில போஸ்ட் ஒஃபிஸ் இருக்க, அம்மா ஏன் எல்லாத்தையும் இஞ்ச எடுப்பிக்கிறா எண்டு."

கதவுக்கு வெளியே நிற்கிற ஒருத்தி. சுகிர்தாவுக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. உள்ளே நிற்கிறவளாகத்தான் எப்போதும் தன்னைத் தெரியும், குளியலறைக்குள், தாழ்ப்பாளுக்குள், சன்னலோரம். வெளியே ஒருத்தி காதைக் கதவில் வைத்து நின்றிருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நித்தியும் நின்றிருப்பாரா. தெரியாது. கேட்கவேண்டும். இன்றைக்கே கேட்கவேண்டும், புவனக்கா சொல்லுவதற்கு முன் என்பதற்காக இல்லை. குகதாஸ் பொதியை நகர்த்திக் கருவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஊறியிருக்கும். மெல்ல இழுங்கோ. சுடுதேத்தண்ணி உறிஞ்சிற மாதிரி." புவனக்கா பார்த்துக்கொண்டிருக்க, பொட்டு வைத்த நெற்றியோடு, சுகிர்தா அதை உதட்டில் வைத்தாள். பொத்தானை அமத்தினாள். மெல்ல. வாயில் ஒரு கணம் நிறுத்தினாள், பிறகு விட்டாள். அது உள்ளே போய், தொண்டைக்குள், சரியான இடத்தில், ஒரு தட்டுத் தட்டியது. கருகல் இல்லை. கசப்பு இல்லை. தோள் இரண்டும் தாமாகவே இறங்கின, இவ்வளவு நேரமும் அவை காதுக்குப் பக்கத்தில் இருந்ததே இறங்கினபோதுதான் தெரிந்தது. வெளியே விட்ட ஆவி கொஞ்சந்தான், குளிர்காலத்து மூச்சு மாதிரி. "வேலை செய்யுது அக்கா," என்றாள். கண் கலங்கினதைத் துடைக்கவில்லை.

புவனக்காவுக்குக் குகதாஸ் எல்லாம் விளங்கப்படுத்த நேரமெடுத்தது. மனுசனைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் நல்லது, அவர் எப்படி இழுக்கிறவர் என்று பார்க்கவேண்டும், நெஞ்சு டொக்டரிடமும் ஒருக்கால் கேட்கவேண்டும் என்றார். புவனக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. "நான் எப்பிடிச் சொல்லிக் கூட்டிவாறது?" என்று கேட்டபோது இரண்டு பேரும் சுகிர்தாவைப் பார்த்தார்கள். "நானும் வாறன் அக்கா," என்றாள் சுகிர்தா. "நான் பத்தினதைச் சொல்லுறன். அவருக்குக் கதைக்கச் சுகமா இருக்கும்." வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. பஸ் தரிப்பில் இரும்பு இருக்கை நனைந்து கிடந்தது, புவனக்கா கைலேஞ்சியால் இரண்டு பேர் இருக்கத் துடைத்தா. இருந்தார்கள். கைகள் மடியில். அவளுக்குள் எல்லாம் பழையபடி சுழலத் தொடங்கியது, சொல்லிவிட்டாய், வெள்ளிக்கிழமை மாலை கட்டப் போகும்போது எத்தனை கண், நித்தி என்ன சொல்லுவார், மகன் என்ன சொல்லுவான், ஏன் சொன்னாய், பாய் விரித்தது விரித்தபடி கிடந்ததே, ஏன்.

"எப்பிடிப் பிள்ளை தொடங்கினீர்?" என்று கேட்டா புவனக்கா.

கேள்வியில் முள் இல்லை. மாலைக்கு நூல் எங்கே வாங்கினீர் என்று கேட்கிற மாதிரித்தான் இருந்தது. இதை அவள் சொல்லாகக் கோத்துப் பார்த்ததே இல்லை. தூரத்தில் பஸ் திரும்பி வருவது தெரிந்தது.

"நான் வேலை செய்யிற இடத்தில ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தவ, அக்கா. டோரதி எண்டு. கை இரண்டும் நடுங்கும். சிகரெட் இல்லாமல் இருக்கமாட்டா. தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் விடுவன், ஆனா அவவால பத்தவைக்க ஏலாது, நெருப்பு வாய்க்குக் கிட்டப் போகாது. அப்ப நான்தான் என்ர வாயில வைச்சுப் பத்தவைச்சு அவவின்ர வாயில வைப்பன். அது ஊரில எங்கட கடைசிச் சண்டை, அந்தப் போர் நடந்த வருசம். என்ர தம்பி சண்டைக்குள்ள அகப்பட்டு உள்ளுக்க. போன் இல்லை, ஒரு செய்தி இல்லை. இரவிரவா இணையத்தில படங்களைப் பாத்துப்போட்டு விடிய வேலைக்கு வருவன், கிழவர்மாருக்குச் சோறு தீத்துவன், சிரிப்பன். ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம். ஒருநாள் பத்தவைச்ச சிகரெட்டை நீட்டினன், டோரதி வாங்கேல்லை. என்ர முகத்தைப் பாத்துக்கொண்டே இருந்தா. பிறகு சொன்னா, இண்டைக்கு அதை நீ வைச்சிரு எண்டு."

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சாரதி இவர்களைப் பார்த்தார்.

புவனக்கா கையை அசைத்து அதைப் போகச் சொன்னா.

"தம்பி?" என்று கேட்டா, கதவு மூடி, பஸ்ஸின் சில்லுகள் நனைந்த தெருவில் உரசிக்கொண்டு போன பிறகு. "தம்பின்ர பேர் என்ன?"

சுகிர்தா பெயரைச் சொன்னாள்.